கிளைக்கு மேலே ஒருவர்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பையன், மருமகள் நால்வரும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் நீங்கலாக. தாங்களும் அத்தானும், அத்தானின் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். மரியாதை இத்தோடு போதும் அக்கா. காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இனிமேல் நீ என்றுதான் எழுத வரும், கோபித்துக்கொள்ளாதே. உன் தம்பி இன்றைக்குச் சரித்திரச் சம்பவம் ஆகிவிட்டான். சம்பவம் செய்தான் என்று எழுதவில்லை, கவனி. சம்பவமாகவே ஆகிவிட்டான். எண் போட்டு, நேரம் போட்டு, கம்ப்யூட்டரில் ஏறிவிட்டான். சம்பந்தி போன் செய்து தன் பாட்டைப் பாடுவதற்குள் முந்திக்கொண்டு எழுதுகிறேன். வழக்கம்போல உன் அடுக்குமாடியில் எல்லோரையும் கூட்டி வைத்து உரக்கப் படி. அடுத்த வாரம் சம்பந்தி உங்கள் ஊருக்கு வருகிறாராம். அவர் வந்தால் அவருக்கும் ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டு.

மருமகள் அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் போன் அங்கேதான் வரும். நேற்று வரை அங்கே என்ன நடைமுறை என்றால், போனை எடுத்தவர் விஷயத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, துணி கிளிப்பில் மாட்டி, கயிற்றில் சர்ரென்று அடுத்த மேஜைக்கு இழுத்துவிடுவார். அந்த மேஜைக்காரர் வயர்லெஸ்ஸில் "பக்கத்துல யாருப்பா இருக்கீங்க?" என்று பொதுவாகக் கேட்பார். டீ குடித்துக்கொண்டிருக்காத யாராவது ஒருவர் பதில் சொல்வார். இதையெல்லாம் மூட்டை கட்டத்தான் இந்தப் புதிய மென்பொருள். போன் வந்த உடனே எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் புள்ளி விழும். எந்த வண்டி கிட்டத்தில் நிற்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். எந்தத் தெருவில் திரும்பணும், எந்தத் தெரு அடைபட்டிருக்கிறது என்று ஓட்டுநருக்கு அதுவே சொல்லும். வண்டி கிளம்பிவிட்டது, வந்துவிட்டது என்று போன் செய்தவருக்கும் செய்தி அனுப்பும். இரண்டு வருஷமாக மருமகள் இதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ராப்பகல் பார்க்காமல் உழைத்தாள். சாப்பிடும்போதுகூடத் தட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்தாள். இன்று காலை அதற்கு இறுதி ஒத்திகை. தடங்கலில்லாமல் முடிந்தால் அந்த நொடியிலிருந்தே மென்பொருள் நிஜ வேலைக்கு வந்துவிடும், அவள்தான் அறைக்குத் தலைமைப் பொறுப்பாளர். நடுவில் நின்றுபோனால் தலைமையகத்திலிருந்து வந்த பரிசோதனைக் குழு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மறுபடி அடுத்த வருஷம்தான். அதுவரை கயிறும் கிளிப்பும்.

ஒத்திகை என்றால் பொய் ஆபத்துகள் வேண்டுமே? அதற்கு ஊழியர்களின் குடும்பத்தாரையே அழைத்தார்கள். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் அவரவர் ஆபத்து. கூடவே முதுகில் 'ஒத்திகை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மஞ்சள் மேலங்கி. சம்பந்தியின் அட்டையைப் பிரித்தால், அக்கா, மாரடைப்பு! முதல் தரம்! நிஜ ஆம்புலன்ஸ் சைரனோடு வீட்டு வாசலுக்கு வருமாம், ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, முகத்தில் மாஸ்க் போட்டு, ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவார்களாம். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், பக்கத்து வீட்டில் உப்பு கேட்டாலும் நாலு தெருவுக்குக் கேட்கும், அவருக்குப் போய் வாயைத் திறக்கக் கூடாத வேடம். என் மனைவிக்கு நகைத் திருட்டு, இரண்டாம் தரம். எனக்கு? நீயே படி: 'தெருமுனையில் மரக்கிளை முறிந்து சாலையின் குறுக்கே கிடக்கிறது. யாருக்கும் காயமில்லை.' நான்காம் தரம். தரம் அதோடு முடிகிறது. ஐந்தாம் தரம் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

"என்னம்மா இது? உங்கப்பாவுக்கு மாரடைப்பு, எனக்கு மரக்கிளையா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது மாமா. எல்லாத்துக்கும் ஆள் வேணும்ல?"

"ஒரு சின்னப் பக்கவாதமாவது தரக் கூடாதா?"

"பக்கவாதம் பக்கத்து மேஜைக்காரியோட மாமியாருக்குப் போயிடுச்சு மாமா. தயவுசெஞ்சு அட்டையில இருக்கிறத மட்டும் சொல்லுங்க. சொந்தமா எதையும் சேர்க்காதீங்க. எனக்காக."

எனக்காக என்று சொல்லிவிட்டாள், அப்புறம் நான் என்ன பேச முடியும்? சம்பந்தி வேறு பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டி, "மரக்கிளையும் முக்கியம்தான் சம்பந்தி. போக்குவரத்து பாதிக்கும் பாருங்க" என்று ஆறுதல் சொன்னார். பிளாட்பாரம் மாறிவிட்டது என்று சொல்கிற அதே குரல். வயிறு எரிந்தது எனக்கு. எங்களுக்கு இரண்டே விதி. ஒவ்வொரு அழைப்பையும் 'இது ஒத்திகை' என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒத்திகையில் இருக்கிறவர் யாருக்காவது உண்மையிலேயே ஆபத்து வந்தால் 'நிஜம், நிஜம், நிஜம்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் எல்லா வண்டியும் நிற்கும், ஒத்திகை அத்தோடு காலி.

உனக்குத்தான் என்னைத் தெரியுமே. மின்சார மீட்டர் கணக்கெடுத்தே காலம் தள்ளியவன் நான். நாய் துரத்தினாலும் மழை கொட்டினாலும், மீட்டரைக் கண்ணால் பார்க்காமல் ஓர் எண்ணும் எழுதியதில்லை. மற்றவர்களெல்லாம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லட்டும், என்னால் முடியாது. கிளை என்றால் எந்தக் கிளை? அதைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டேன். அட்டையில் சொன்ன மரம் ஜம்மென்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. கீழே நின்று பார்த்தால் எல்லாக் கிளையும் முறிகிற மாதிரியும் இருக்கிறது, எதுவும் முறியாத மாதிரியும் இருக்கிறது. பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூச வந்த பெயின்டர் ஒருவர் தன் ஏணியை அந்த மரத்தில்தான் சாத்திவிட்டு எங்கேயோ போயிருந்தார். ஏறிவிட்டேன் அக்கா. இந்த வயதில் ஏன் ஏறினாய் என்று நீ கத்துவது எனக்கு இங்கே கேட்கிறது. ஏறிப் பார்த்ததில், சாலைப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளையில் ஒரு வெடிப்பு. முறிவதென்றால் இதுதான் முறியும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதிலேயே உட்கார்ந்து, குறித்த நேரத்துக்கு, அட்டையில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் போனில் ஒப்பித்தேன். மருமகளே எடுத்தாள். "நன்றி சார், பதிவு பண்ணிட்டோம்" என்றாள். என்னைப் போய் சார் என்றாள்! போனை வைத்த கையோடு செய்தி வந்தது: 'உங்கள் தகவல் பதிவாகியுள்ளது. தரம் நான்கு.' கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இதை நான் படித்து முடிப்பதற்குள், கீழே பெயின்டர் வந்து ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி போய்க்கொண்டிருக்கிறார். காதில் பாட்டுக் கேட்கிற கருவி. நான் கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது.

மனைவிக்குப் போன் போட்டால் போட்ட நேரமெல்லாம் பிஸி. அவள் தன்னிடம் இல்லாத வளையல்களின் வேலைப்பாட்டைக் கட்டுப்பாட்டு அறைக்கு விளக்கிக்கொண்டிருந்தாளாம், இன்னொரு ஜோடி ஜிமிக்கியையும் சேர்த்துக்கொண்டாளாம். அந்நேரம் நாயோடு ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். "ஐயா, ஒரு ஏணி கிடைக்குமா?" என்று கெஞ்சினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், சுற்றி வந்து என் முதுகைப் படித்தார், முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, ஒத்திகையா! ஏணி கேக்கறதும் உங்க வேஷத்துல இருக்கா சார்? அசத்துறீங்க!" என்று சொல்லி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாய் மட்டும்தான் அக்கா கொஞ்ச நேரம் நின்று சந்தேகமாகப் பார்த்தது.

வேறு வழியில்லாமல் கட்டுப்பாட்டு அறைக்கே மறுபடி போன் செய்தேன். நிஜம் என்று சொன்னால் மருமகளின் இரண்டு வருஷ உழைப்பு காலி. அதனால் நிஜம் என்று சொல்லாமல், ஆனால் நிஜம் என்று புரிகிற மாதிரி சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

"இது ஒத்திகை. ஆனா ரொம்ப உயரமான ஒத்திகை" என்றேன்.

"சொல்லுங்க சார். கிளைக்கு அடியில யாராவது மாட்டியிருக்காங்களா?"

"அடியில யாரும் இல்லம்மா. மேல ஒருத்தர் இருக்காரு."

"மேலயா?" என்று இழுத்தாள். தட்டுகிற சத்தம் கேட்டது. "அடியில ஆள் உண்டு, அடியில ஆள் இல்லை, இந்த ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு. மேலங்கிற கட்டமே இல்லை. இல்லைன்னு போட்டுக்கறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மாமா, நடிப்பெல்லாம் பிரமாதம். ஆனா உங்களுக்குக் குடுத்தது வெறும் மரக்கிளைதான். பின்னாடி தலைமையகத்து அதிகாரி அம்மா நிக்கிறாங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மென்பொருள் தன் கடமையைச் செய்ய ஆரம்பித்தது. ஒத்திகையில் நான்காம் தரத்துக்கெல்லாம் வண்டி வராது, திரையில்தான் வரும். 'மீட்புக் குழு புறப்பட்டது' என்று செய்தி. கொஞ்ச நேரத்தில் 'மீட்புக் குழு வந்து சேர்ந்தது.' கீழே எட்டிப் பார்த்தேன், ஒரு காக்கைகூட இல்லை. அப்புறம் 'மரக்கிளை அகற்றப்பட்டது. சம்பவம் முடிந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் வேறு. அகற்றப்பட்ட கிளையின் மேல் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட விரல் போனது. மருமகள் முகம் ஞாபகம் வந்தது. அஞ்சு போட்டேன்.

அந்தச் செய்தியைக் கிளையும் படித்ததோ என்னவோ, அடுத்த நிமிஷம் கடகடவென்று ஒரு சத்தம். எப்படித் தாவினேன், எதைப் பிடித்தேன் என்று கேட்காதே, தலைகால் புரியவில்லை. கண்ணைத் திறந்தால் நான் அடிமரத்துக் கவட்டையில் முழங்கால் தோலுரிந்து தொங்கிக்கொண்டிருக்கிறேன். கிளை சாலையின் குறுக்கே அட்டையில் எழுதின மாதிரியே கிடக்கிறது. யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றுதான் பொய். அப்போதுதான் அக்கா, தூரத்தில் சைரன் கேட்டது. சம்பந்தியின் ஆம்புலன்ஸ்! ஆஸ்பத்திரிக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கிளையை எடுத்தாகிவிட்டது, பாதை சுத்தம். வளைவில் வேகமாகத் திரும்புகிற ஓட்டுநருக்குக் கிளை கிடப்பது கடைசி நொடியில்தான் தெரியும். சம்பந்தி மேல் எனக்கு ஆயிரம் இருக்கும், ஆனால் அவர் எங்கள் பெண்ணின் அப்பா. மூன்றாம் தடவையாகப் போன் செய்தேன்.

"இது ஒத்திகை. கிளை விழுந்துடுச்சு."

"அதான் முன்னாடியே சொல்லிட்டீங்களே சார். எடுத்தாச்சு, முடிச்சாச்சு."

"மறுபடியும் விழுந்துடுச்சும்மா."

"ஒரே கிளை ரெண்டு தடவை எப்படி சார் விழும்?"

"பாத்துட்டுத்தாம்மா சொல்றேன். நான் எப்பவாவது பாக்காம சொல்லியிருக்கேனா?"

அந்தப் பக்கம் தடதடவென்று தட்டுகிற ஓசை. முடித்த சம்பவத்தை மறுபடி திறந்து, தெருவை அடைத்து, ஆம்புலன்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டாள். சைரன் நெருங்கி வந்து, முனையில் டயர் கிறீச்சிட, அப்படியே விலகிப் போனது என் காதில் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் மருமகள் பேசினாள், மிகவும் மெதுவாக. சார் எல்லாம் போய்விட்டது.

"மாமா, நீங்க எங்க இருக்கீங்க? அந்த மூணு வார்த்தை சொல்லணும்னா சொல்லிடுங்க. ஒத்திகை போனா போகட்டும். நான் நிறுத்திடறேன்."

அக்கா, வாய் வரை வந்துவிட்டது. முழங்காலில் ரத்தம், கையில் எறும்பு, கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆனால் நிறுத்திடறேன் என்று அவள் சொன்னபோது குரல் லேசாக உடைந்தது பார், அதைக் கேட்ட பிறகு எனக்கு எப்படி வாய் வரும்? நாங்கள் பெறாத பெண், அக்கா. இரண்டு வருஷம்.

"ஒத்திகைதாம்மா. நீ வேலையப் பாரு" என்று சொல்லி நானே போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் அந்தக் கவட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. மரத்தோடு எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது. கடைசியில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து மருமகள் சொன்ன அந்த அதிகாரி அம்மாள் இறங்கினார். ஒத்திகை இடங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு வருகிறாராம். சாலையில் கிடந்த கிளையைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான்காம் தரச் சம்பவத்துக்கு நிஜக் கிளையே கொண்டுவந்து போட்டிருக்கீங்களே! இவ்வளவு தத்ரூபமா ஒரு ஒத்திகைய நான் பாத்ததில்லை. மரத்துல ஆள் வேறயா? முழங்கால்ல சாயம்கூட எவ்வளவு இயல்பா பூசியிருக்காங்க!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் கையில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது: 'ஒத்திகை முடிந்தது. எல்லாச் சோதனையும் தேர்ச்சி. புதிய முறை இந்த நொடியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது.' பின்னால் அறை முழுக்கக் கைதட்டல்.

"முடிஞ்சிடுச்சு ஐயா. இறங்கி வாங்க" என்றார் அந்த அம்மாள்.

"உண்மையாவே முடிஞ்சிடுச்சா? இனிமே எதைச் சொன்னாலும் எதுவும் நிக்காதே?"

"நிக்காது."

"அப்படின்னா நிஜம்! நிஜம்! நிஜம்!" என்று கத்தினேன் பார், பூட்டின கடைகளின் ஷட்டரெல்லாம் அதிர்ந்தது. ஒலிபெருக்கிச் சம்பந்தி தோற்றார். அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. உடனே அழைத்தார். புதிய மென்பொருள், புதிய வரைபடம், அதில் நிஜமான புள்ளியாக உன் தம்பி! தீயணைப்பு வண்டி ஏணியோடு பறந்து வந்தது. சைரன், சிவப்பு விளக்கு, ஹெல்மெட் போட்ட நாலு பேர், ஒருவர் என்னை முதுகில் சுமந்து இறக்கினார். தெருவே கூடிவிட்டது. நாய்க்காரர்கூட வந்து, "சார், இன்னும் முடியலையா?" என்றார். ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றப் போகிற அந்த மென்பொருளின் முதல் நிஜச் சம்பவம் நான்தான் அக்கா! சம்பந்தியின் மாரடைப்பு வெறும் வேடம். என்னுடைய மரம் நிஜம். அழித்தாலும் அழியாது. மருமகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். கிளைக்கு மேலே என்று ஒரு கட்டம் சேர்க்கப் போகிறாளாம்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் இருமல் இந்தக் கடிதம் கிடைக்கும்போது ஓடிப் போயிருக்கட்டும். உன் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும், யாரும் மரம் ஏற வேண்டாம். நீ என்றும் இப்படியே என்னைத் திட்டிக்கொண்டு நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
புதிய முறையின் முதல் சம்பவம்,
உன் தம்பி.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை யாருக்கும் படிக்காதே. படித்திருந்தால் பாதியில் நிறுத்து. கவரை ஒட்டப் போகும்போது மருமகள் வீட்டுக்கு வந்தாள், கூடவே சம்பந்தியும். அவர் கட்டைவிரலில் பெரிய கட்டு. ஆம்புலன்ஸ் திடீரென்று வழி மாறித் திரும்பினபோது ஸ்ட்ரெச்சர் சறுக்கி, விரல் கம்பிக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாம். வாயைத் திறந்தால் மகளின் ஒத்திகை நின்றுவிடும் என்று, அந்த மனுஷர், அந்தக் குரலை வைத்துக்கொண்டு, மாஸ்க்குக்குள் மூச்சுக் காட்டாமல் ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறார். ஆம்புலன்ஸிலேயே வயர்லெஸ் இருக்கிறதே, முடிந்தது என்று கேட்ட மறு நொடி மூன்று வார்த்தையையும் சொல்லிவிட்டார். ஆக சம்பவம் ஒன்று அவர். நான் இரண்டு. கையெழுத்துக்கு மேலே இருக்கும் 'முதல்' என்பதை அடித்துவிட்டு 'இரண்டாம்' என்று திருத்திக்கொள். ஆம்புலன்ஸ் எதனால் திரும்பியது என்று அவருக்கு இன்னும் தெரியாது. அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வரும்போது நீயும் வாயைத் திறக்காதே. இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு சம்பந்தி இவ்வளவு நீளமா எழுதறீங்க?" என்று கேட்கிறார். என் கண் ஏனோ கலங்கிவிட்டது அக்கா. தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சம்பந்தி, சும்மா ஒத்திகை" என்றேன்.